ஃபெடரர் கணக்கும் பேராவூரணித் தோப்பும்

கேள்வி: டென்னிஸ் ஆடியே ஆயிரம் கோடிக்கு மேல் சம்பாதித்துவிட்டு ஃபெடரர் ஓய்வு பெற்றுவிட்டார். என் பையனுக்கு 13 வயது, நன்றாக ஆடுகிறான். தென்னந்தோப்பில் பாதியை விற்று அவனை வெளிநாட்டு அகாடமியில் சேர்த்துவிடலாமா?
- வாசகர், பேராவூரணி

பதில்: தோப்பில் கை வைக்காதீர்கள்.

ஆயிரம் கோடி சரிதான். 2022இல் ஓய்வு பெறும்வரை ஃபெடரர் வாங்கிய பரிசுப் பணம் மட்டும் சுமார் 13 கோடி டாலர். ஆனால் பெரிய பணம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2020 ஃபோர்ப்ஸ் பட்டியலில் 10.63 கோடி டாலரோடு உலகிலேயே அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர் அவர்தான். அதில் கோர்ட்டில் ஆடி வந்தது வெறும் 63 லட்சம், மிச்சமெல்லாம் சட்டை, வாட்ச் என்று கம்பெனிக்காரர்கள் கொட்டியது. உலக டென்னிஸ் தரவரிசையில் நூறாவது இடத்தில் இருப்பவன் வீட்டு வாசலுக்கு அவர்கள் வருவார்களா?

கடைமடைக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12 ஷட்டரைத் தூக்கிப் பூத்தூவி டிவியில் காட்டிவிடுவார்கள், கல்லணைக் கால்வாய்க் கோடியில் உங்கள் மதகுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேருகிறது? டென்னிஸ் பணமும் அப்படித்தான் பாயும். சுமித் நாகல் 2023இல், ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் நம்பர் 1 ஆக இருந்தபோதே, பேங்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஃப்ளைட் டிக்கெட், ஓட்டல், கோச் சம்பளம், அந்தக் கோச்சுக்கும் டிக்கெட், மட்டைக்கு நரம்பு கட்டுகிற கூலி வரை எல்லாம் ஆடுபவன் பாக்கெட்டிலிருந்து. போர்டு சம்பளம் கொடுக்க இது கிரிக்கெட் இல்லை. (சில மாதம் கழித்து நாகல் ஆஸ்திரேலிய ஓபன் முதன்மைச் சுற்றில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தார், 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் வந்தது. அந்த ஒரு மேட்ச் வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டுமே!)

நம் ஆட்களையே பாருங்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். அமெச்சூர் காலம், பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது. 61இல் அவரை வென்ற ராட் லேவர், விம்பிள்டனில் பணம் கொடுக்க ஆரம்பித்த 1968இல் பட்டம் ஜெயித்து வாங்கியதே 2,000 பவுண்டுதான். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் உலகின் 23வது இடம் வரை போனவர். 1993 வரை ஆடி அவர் வாங்கிய மொத்தப் பரிசுப் பணம் 12 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல், அதுவும் செலவைக் கழிக்காமல். 2025 விம்பிள்டன் சாம்பியனுக்கோ ஒரே தடவையில் 30 லட்சம் பவுண்டு.

பையன் ஆடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? படிப்பை விடாமல் ஆடட்டும். சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008இல் கல்லூரி சாம்பியன் ஆனார், அப்புறம்தான் முழுநேர ஆட்டத்துக்கு வந்து 62வது இடம் வரை போனார். நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

அது சரி, 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பையனுடைய அகில இந்திய ரேங்க் என்ன? முதலில் எழுத வேண்டியதை எழுதவே இல்லையே நீங்கள்!