நாஜிகளுக்கு ஒத்துழைத்த யூதத் தலைவர்களைத் துரோகிகள் என்று சொல்லலாமா?

எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. அதிகம் வசை வாங்கியவர், வூட்ச் கெட்டோவுக்கு (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) நாஜிகள் நியமித்த யூதத் தலைவர் ஹைம் ரும்கோவ்ஸ்கி என்பதால் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

வூட்ச், போலந்தின் நெசவாலை நகரம். 1940 ஏப்ரல் 30 அன்று கெட்டோவை அடைத்தபோது உள்ளே சுமார் 1,60,000 யூதர்கள். வெளியே செல்லாத தனி நோட்டுதான் அவர்களுக்குப் பணம். அதை 'ரும்கி' என்று அவர் பெயரை வைத்தே கிண்டலாக அழைத்தார்கள். வார்சாவில் பாதாளச் சாக்கடை வழியாக உணவு கடத்தினார்களே, இங்கே அந்தக் குழாய்களே இல்லை. பசியிலும் நோயிலும் உள்ளேயே 40,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

ரும்கோவ்ஸ்கி போட்ட கணக்கு எளிமையானது: ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்தால் நம்மை உயிரோடு விட்டுவைப்பார்கள். பட்டறைகள் இரவு பகலாக ஓடின. அப்படியும் 1942 செப்டம்பரில் 10 வயதுக்கு உட்பட்டவர்களையும் 65 வயதைத் தாண்டியவர்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள் நாஜிகள். போருக்கு முன் அனாதை இல்லம் நடத்திய இந்த மனிதர் கூட்டத்தின் முன் நின்று, "தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் பிள்ளைகளை என்னிடம் தாருங்கள்" என்று கேட்டார். ஒரே வாரத்தில் 15,000-க்கும் மேற்பட்டோரை ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பி, விஷவாயு வண்டிகளில் கொன்றார்கள். வீடு வீடாகப் புகுந்து ஆள் பிடிக்க உதவிய யூத போலீஸ்காரர்களின் பிள்ளைகளுக்கோ விலக்கு. என்னால் ஜீரணிக்கவே முடியாத இடம் இதுதான்.

சரி, மறுத்திருந்தால்? வார்சா கெட்டோவின் யூதத் தலைவர் ஆடம் செர்னியாகோவ் பிள்ளைகளை ஒப்படைக்க மறுத்தார். 1942 ஜூலை 23 அன்று சயனைடு தின்று உயிரை விட்டார். அதற்காகக் கொலை முகாமுக்குப் போன ரயில்கள் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போலந்தின் பெரிய கெட்டோக்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தது வூட்ச்தான். 1944 கோடையில் சோவியத் படை வூட்ச்சுக்குக் கிழக்கே உள்ள விஸ்துலா ஆற்றை எட்டியபோது உள்ளே 65,000 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். படை அங்கேயே நின்றுவிட்டது. ஆகஸ்டில் கெட்டோவைக் காலி செய்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ரும்கோவ்ஸ்கியும் குடும்பத்தோடு போய் அங்கேயே செத்தார். 1945 ஜனவரியில் படை வந்து சேர்ந்தபோது கெட்டோவில் மிச்சம் இருந்தது 900 பேர்கூட இல்லை.

துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அதிகார போதை பிடித்த, தப்புக்கணக்கு போட்ட மனிதர். அந்தப் படை அப்போதே வூட்ச்வரை வந்திருந்தால் அவருக்குச் சிலைகூட வைத்திருப்பார்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைத் தவிர.