சுவிஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்ட்டின் யார்? அவருடைய இசையின் தனித்தன்மை என்ன?

ஃபிராங்க் மார்ட்டின் 1890இல் ஜெனீவாவில், கால்வினிய (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) மதபோதகர் ஒருவரின் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். சிறுவயதில் கேட்ட, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயேசுவின் துன்பங்களைப் பற்றி இயற்றிய 'மத்தேயு பாடுகள்' அவரை ஆட்கொண்டது. பெற்றோரின் விருப்பத்துக்காகக் கணிதமும் இயற்பியலும் படிக்கத் தொடங்கினாலும், அவற்றை முடிக்காமலே இசைக்குத் திரும்பிவிட்டார்.

1930களில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையை (பன்னிரண்டு சுரங்களையும் சமமாகக் கருதி ஒரே வரிசையில் அமைக்கும் முறை) ஆழ்ந்து பயின்ற மார்ட்டின், ஆதார சுரம் என்று ஒன்று கூடாது என்ற அதன் கொள்கையை மட்டும் ஏற்கவில்லை. பன்னிரண்டு சுரங்களையும் மெட்டில் வரிசையாகத் தொடுத்தாலும், அடியில் ஒருசேர ஒலிக்கும் சுரக்கோவைகள் கேட்பவருக்கு ஒரு பிடிமானம் தரும்படி பார்த்துக்கொண்டார். சுவிஸ் இசைக்குழு நடத்துநர் பால் சாக்கரின் வேண்டுகோளுக்கிணங்க 1945இல் முடித்த 'பெத்தீத் சிம்பொனி கான்செர்தாந்த்' இதற்கு நல்ல சான்று. மெதுவான தொடக்கத்தில் தந்திக் கருவிகள் பன்னிரு சுர வரிசையை வாசிக்கின்றன. பிறகு ஹார்ப் (யாழ் போன்ற கருவி), ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி), பியானோ ஆகிய மூன்றும், இரு தந்திக் குழுக்களின் துணையோடு முன்னணிக்கு வருகின்றன. ஒலி அளவில் சமமில்லாத இம்மூன்றையும் ஒன்றை ஒன்று அமுக்காமல் பேசவைத்ததே, என் கணிப்பில், அவருடைய பெரிய சாதனை.

1946இல் நெதர்லாந்தில் குடியேறி, 1950களில் ஜெர்மனியின் கொலோனிலும் கற்பித்த அவர் 1974இல் நெதர்லாந்தின் நார்டனில் காலமானார்.

புதிதாகக் கேட்பவர்கள் இரட்டைப் பாடகர்குழுவுக்கான 'திருப்பலி'யிலிருந்து தொடங்கலாம். 1926இல் நிறைவுற்ற அப்படைப்பைத் தமக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட விஷயமாகக் கருதி வெளியிடாமலே வைத்திருந்தார். அது முதன்முதலில் அரங்கேறியது 1963இல்தான்.