எ மேல் இருந்த புள்ளி எங்கே?

கேள்வி: ‘எகர ஒகர மெய் புள்ளி’ என்கிறது நன்னூல். இன்று எ, ஒ மேல் புள்ளியே இல்லையே? எங்கள் வீட்டுப் பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்கும் புள்ளியைக் காணோம். எப்படிப் படிப்பது?

பதில்: நன்னூல் எழுதிய பவணந்தியார் காலத்தில் எ, ஒ என்று வெறுமனே எழுதினால் நெடில். மேலே புள்ளி வைத்தால்தான் குறில். தொல்காப்பிய விதியும் இதுவே. புள்ளியில்லாத ‘எரி’ அன்றைக்கு ஏரி! 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இதைத் தலைகீழாக்கி, குறிலை வெறுமனே விட்டு நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார்.

இலக்கணம் சொன்னதை எழுதியவர்கள் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, ஏடுகளிலும் அப்படியே. போதாக்குறைக்கு ஏட்டில் காலும் ரகரமும் ஒரே வடிவம். கொம்பு, க, கால், டு என்று இருந்தால் கொடு, கோடு, கெரடு, கேரடு எதுவாகவும் படிக்கலாம்.

முதலில் வரியைக் கண்டபடியே, புள்ளியில்லாமல் பெயர்த்தெழுதுங்கள். அப்போதே திருத்தினால் ஏட்டில் உள்ளது எது, உங்கள் ஊகம் எது என்று பிறகு பிரிக்க முடியாது. அடுத்து மெய்கள். ‘பநது’ தானே பந்து ஆகிவிடும். ‘கலவி’தான் ஆளைக் கவிழ்க்கும்: கல்வியா, கலவியா? வெண்பாவானால் முன் சீரைப் பாருங்கள். அது மாச்சீர் (தேமா, புளிமா) என்றால் அடுத்தது நிரையில், அதாவது ‘கல’ போன்ற அசையில் தொடங்க வேண்டும். ‘கல்’ என்ற நேரசையில் தொடங்கும் கல்வி அங்கே நிற்காது. விளச்சீரோ காய்ச்சீரோ என்றால் அடுத்து நேர் வேண்டும், ஆகவே கல்விதான்.

குறில் நெடிலுக்கு எதுகை கைகொடுக்கும்: அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்தின் அளவும் ஒத்து வர வேண்டும். அடுத்த அடி ‘நாடு’ என்று தொடங்கினால் மேலே இருப்பது கோடு. ‘வடு’ என்றால் கொடு. வைத்திய ஏடு, கணக்கு ஏடு உரைநடையாக இருந்தால் இந்த உதவி இல்லை. பொருளை வைத்தே முடிவு செய்து, ஐயமான இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓலை கிழியும் என்றுதானே புள்ளியை விட்டார்கள்?

பதில்: பாதி உண்மை. எழுத்தாணி முனையால் குத்தினால் ஓலையில் பொத்தல் விழும். ஆனால் கல்லில் கிழிய என்ன இருக்கிறது? அங்கும் விட்டிருக்கிறார்களே. கல்லில் புள்ளி வைக்கத் தெரியாமலும் இல்லை. அந்தச் சோழர் கல்வெட்டுகளுக்கும் முந்திய பூலாங்குறிச்சிக் கல்வெட்டில் மெய்க்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு. தமிழ் தெரிந்தவர் எப்படியும் படித்துக்கொள்வார் என்று வேலையைக் குறைத்துக்கொண்டதாகவே தோன்றுகிறது.