எண்ணெய் தீர்ந்து நின்ற ஹீட்டரை மறுபடி எரியவைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: எரிஎண்ணெயில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர், டேங்கில் எண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டது. எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. ஆனாலும் சிவப்பு ரீசெட் பட்டனை அழுத்தினால் சில நொடி உறுமிவிட்டு மறுபடி நின்றுவிடுகிறது.

பர்னர் (எண்ணெயைத் தெளித்து எரிக்கும் பாகம்) கெட்டுப்போகவில்லை, குழாயில் காற்று பிடித்திருக்கிறது. டீசல் எஞ்சினில் ஏர் எடுத்து, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, பழகியவர்களுக்கு இது அதே வேலைதான்.

முதலில் பட்டனிலிருந்து கையை எடுங்கள். பற்றாத ஒவ்வொரு முறையும் எரிஅறைக்குள் எண்ணெய் தெளிக்கப்பட்டிருக்கலாம். அது தேங்கி, கடைசியில் ஒருமுறை பற்றும்போது மொத்தமாக வெடித்து எரியும். வீடு முழுக்கக் கரி. ஏற்கெனவே ஐந்தாறு தடவை அழுத்திவிட்டீர்கள் என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

அவ்வளவு தடவை அழுத்தவில்லை என்றால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். எண்ணெய் ஊற்றியதில் டேங்கின் அடியில் கிடந்த சேறும் துருவும் கலங்கியிருக்கும், அது அடங்கட்டும். இந்த நேரத்தில் ஃபில்டரையும் அதன் கேஸ்கெட்டையும் மாற்றிவிடலாம். டேங்க் வால்வை மூடிக்கொண்டு மாற்றுங்கள், பிறகு திறக்க மறக்காதீர்கள். ஃபில்டரைக் கழற்றினாலே உள்ளே காற்று போகும் என்பதால், இதை ஏர் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பம்பிலிருந்து டேங்குக்கு இரண்டு குழாய் போனால், காற்று தானாகவே திரும்பும் குழாய் வழியாகப் போய்விடும். சுவிட்சைப் போட்டு பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தாலே போதும். ஒரே குழாய் என்றால் கையால்தான் ஏர் எடுக்க வேண்டும். பம்பில் கிரீஸ் நிப்பிள் போல ஒரு சிறிய நிப்பிள் இருக்கும், பெரும்பாலும் 3/8 அங்குல ஸ்பேனர் பொருந்தும். அதில் கால் அங்குல உள்விட்டமுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வையுங்கள். நிப்பிளை அரைச் சுற்று தளர்த்திய பிறகுதான் சுவிட்சைப் போட்டு ரீசெட்டை அழுத்த வேண்டும். இந்த வரிசை முக்கியம்: நிப்பிள் திறந்திருந்தால் பம்பில் அழுத்தம் ஏறாது, நாசில் (எண்ணெயைத் தெளிக்கும் சிறு துளை முனை) வழியாக எண்ணெய் தெளிக்காது. முதலில் வெறும் காற்று சீறும், பிறகு நுரையும் எண்ணெயுமாகத் துப்பும், பம்பின் சத்தம் கரகரக்கும். தீயைக் காணாததால் 15 முதல் 45 நொடிக்குள், பர்னரை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி தானே நிறுத்திவிடும். நிப்பிள் திறந்தபடியே இருந்தால் மறுபடி ஒருமுறை அழுத்தலாம். பல புதிய கன்ட்ரோல்கள் தொடர்ந்து மூன்று முறை நின்றால் முழுதாகப் பூட்டிக்கொள்ளும், அதோடு விட்டுவிடுங்கள்.

டியூபில் ஒரு குமிழிகூட இல்லாமல் எண்ணெய் கம்பி போல ஓட ஆரம்பித்ததும் பத்து நொடி விட்டு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை இறுக்குங்கள். அடுத்த நொடியே "குப்"பென்று பற்றும். பற்றவில்லை என்றால் மறுபடி அழுத்த வேண்டாம். சேறு நாசிலை அடைத்திருக்கலாம். அது கருவி வைத்துச் செய்யும் வேலை.

எண்ணெய் வண்டி வர நாளாகும் என்றால் 20 லிட்டர் டீசல் ஊற்றிச் சமாளிக்கலாம். மணிக்கு 3 லிட்டர் எரிக்கும் பர்னருக்கு இது ஆறேழு மணி நேர ஓட்டம். ஆனால் மண்ணெண்ணெய்க்கென்று அமைத்த ஹீட்டரில் டீசல் புகையும், கரி பிடிக்கும். பெட்ரோலை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து நிப்பிளிலும் ஃபில்டரிலும் விரலால் தடவிப் பாருங்கள். டேங்க் பர்னரைவிடத் தாழ்வாக இருந்தால், ஃபில்டர் சரியாக இறுகாத இடம் எண்ணெயைக் கசியவிடாமல் காற்றை உறிஞ்சும். வெளியே ஈரமே தெரியாது, மறுநாள் காலையில் ஹீட்டர் மறுபடி நின்றிருக்கும்.