இரவு ஏழரைக்குச் சைவச் சாப்பாடு: வடக்கு ஸ்பெயினில் எங்கே போவது?

கேள்வி: செப்டம்பர் மூன்றாம் வாரம் நானும் மனைவியும் 72 வயதான என் அம்மாவும் ஒன்பது நாள் வடக்கு ஸ்பெயின் செல்கிறோம். பில்பாவோ, சான் செபஸ்தியான், லொக்ரோன்யோ, லியோன், ஓவியேதோ, சந்தியாகோ என்பது திட்டம். சனிக்கிழமை போய் இறங்குகிறோம். மூவரும் சைவம், முட்டை சேர்த்துக்கொள்வோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இரவு ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். அங்கே ஒன்பது மணிக்கு முன் சாப்பாடே கிடைக்காது என்கிறார்கள். எங்கள் பயண முகவர், தினமும் இரண்டு வேளை இந்தியச் சாப்பாடு தருவதாகச் சொல்லி நாளொன்றுக்கு ஆளுக்கு 45 யூரோ கேட்கிறார். கட்டிவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். மூன்று பேருக்கு ஒன்பது நாளைக்கு 1,215 யூரோ ஆகிறது. அந்தப் பணத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். பில்பாவோ போன்ற பெரிய ஊரில், நீங்கள் தங்கும் இடத்திலிருந்து தள்ளி ஏதோ ஓர் இந்திய உணவகத்தில் குழுக்களுக்கென்று முன்பே ஆக்கி வைத்த குருமாவும் நான் ரொட்டியும் கிடைக்கும். லியோன் போன்ற சிறிய ஊரில், காலையிலேயே கட்டிய பொட்டலம் மாலையில் பேருந்தில் கைக்கு வரும். அப்படி வந்த ஆறிப்போன சீரகச் சோற்றை, கண்ணுக்கு எதிரே சுடச்சுடக் காளான் வதக்கும் கடை திறந்திருக்க, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குடும்பம் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆறு மாதம் சேமித்து வந்தவர்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் முகவரிடம் ஒன்று கேளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் எந்த உணவகம், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவர் இன்னும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. உங்கள் பயத்துக்குத்தான் அவர் விலை வைத்திருக்கிறார்.

அந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களின் அடுப்பு மாலை நான்கு மணியளவில் அணைந்தால் மறுபடி எரிய எட்டரை, ஒன்பது ஆகும். ஸ்பெயின் 1940-இல் தன் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது, இன்றுவரை திருப்பவில்லை. செப்டம்பரில் சந்தியாகோவில் சூரியன் உச்சிக்கு வரவே மதியம் ஏறக்குறைய இரண்டரை ஆகிவிடும். ஆகவே அவர்களுடைய இரண்டு மணி, வெயில் கணக்கில் நம் பன்னிரண்டு மணிதான். இதைப் புரிந்துகொண்டால் வழி சுலபம். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள். இரவைச் சிறிதாக்கி ஏழு மணிக்கே முடியுங்கள். அம்மாவின் மாத்திரை, ஊசி நேரங்களை இதற்கேற்ப எப்படி வைத்துக்கொள்வது என்று கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மதியத்துக்கு நீங்கள் தேட வேண்டியது 'மெனு தெல் தியா'. அன்றைய நாளின் சாப்பாடு என்று பொருள். 1960-களின் நடுவில் அரசு உணவகங்களுக்குக் கட்டாயமாக்கிய சுற்றுலா உணவுப் பட்டியலின் வழிவந்த வழக்கம் இது. முதல் உணவு, இரண்டாம் உணவு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஏதாவது ஒன்று எல்லாம் சேர்த்துப் பொதுவாக 14 முதல் 20 யூரோவுக்குள் முடியும். கடை வாசலில் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். இரண்டாம் உணவு பெரும்பாலும் மாமிசமோ மீனோதான். அதற்காகத் திரும்பிவிட வேண்டாம். 'தோஸ் பிரிமேரோஸ்' என்று கேளுங்கள். இரண்டாம் உணவுக்குப் பதிலாக முதல் வரிசையிலிருந்தே இரண்டைத் தருவார்கள். பெரும்பாலான கடைகள் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்ளும்.

சைவர்கள் ஏமாறும் இடம் முதல் வரிசைதான். சைவம் என்று பொருள்படும் 'வெஹெதாரியானோ' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். பரிமாறுபவர் பொய் சொல்வதில்லை. அவர் கணக்கில் மாமிசம் என்றால் தட்டில் தனியாகக் கிடக்கும் துண்டு. ஹமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை அங்கே நம் பெருங்காயம் மாதிரி, வாசனைக்குப் போடுவது. நவாரா, ரியோஹா பகுதிகளின் மெனெஸ்த்ரா என்னும் காய்கறிக் கலவையில் அது இருக்கும். பீன்ஸ் வதக்கலில் இருக்கும். காஸ்தீயப் பகுதியின் பூண்டு ரசத்திலும் இருக்கும். பருப்பு என்று ஆசையாகக் கேட்டால் அதில் சொரீசோ என்னும் பன்றிக் கொத்திறைச்சி மிதக்கும். சாலட் கேட்டால் சூரைமீன் தூவி வரும். சந்தியாகோ இருக்கும் கலீசியாவின் கால்தோ என்ற கீரைச் சூப், பார்வைக்கு நம் வீட்டுக் கீரைக் கூட்டுப் போலவே இருக்கும். அதன் மணமே பன்றிக்கொழுப்பிலிருந்து வருவது. எனவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள்: 'நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன்.' மாமிசம், ஹமோன், மீன், சூரை எதுவும் உண்பதில்லை என்று அர்த்தம். தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினாலும் போதும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உணவுத் தகவல் விதிப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றி எந்த உணவகமும் தகவல் தந்தாக வேண்டும். மீன், இறால் வகை, முட்டை, பால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பன்றி இல்லை. சைவத்துக்குப் பொருத்தமா என்று குறிப்பதற்குத் தனி விதிமுறை வகுக்க வேண்டும் என்று அதே விதி ஐரோப்பிய ஆணையத்துக்குச் சொல்கிறது. ஆண்டுகள் ஓடிவிட்டன, அந்த விதிமுறை இன்னும் வரவில்லை. அந்தப் பட்டியலில் லுப்பின் என்ற ஒரு பயறைக்கூடக் குறிக்க இடம் கண்டுபிடித்தவர்களுக்குச் சூப்பில் கரைந்த கொழுப்பைக் குறிக்க இடம் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சூரையையும் இறாலையும் அது காட்டிக்கொடுக்கும். ஹமோனுக்கு வாய்தான் துணை.

இனி இரவு. பில்பாவோவும் சான் செபஸ்தியானும் இருக்கும் பாஸ்க் நாட்டின் பின்ச்சோ கடைகள்தான் உங்கள் அம்மாவுக்குக் கைகொடுக்கப் போகின்றன. பின்ச்சோ என்பது ரொட்டித் துண்டின் மேலோ குச்சியில் கோத்தோ வரும் சிறு தீனி. ஒன்று பெரும்பாலும் 2 முதல் 4 யூரோ. பல கடைகளில் ஏழு மணிக்கே மேடை நிறைந்திருக்கும், ஆள் நிறைந்திருக்க மாட்டார்கள். அதுதான் உங்கள் நேரம். எட்டரைக்குப் போனால் உட்கார முக்காலி கிடைக்காது. ஏழுக்குப் போனால் ஓரத்து மேசையில் அம்மாவை நிம்மதியாக உட்கார வைக்கலாம். பில்பாவோவில் பழைய நகரின் பிளாசா நுவேவா சதுக்கத்தைச் சுற்றிக் கடை இல்லாத தூணே கிடையாது. சான் செபஸ்தியானில் பழைய நகரமும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிரோஸ் பகுதியும். கூட்டம் பிடிக்காதவர்கள் கிரோஸுக்குப் போவது நல்லது.

கேட்க வேண்டியது தோர்த்தியா: உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்ட கனமான முட்டை அடை. எந்த மூலைக்கடையிலும் உண்டு. அத்துடன் கெர்னிகா மிளகாய் வறுவல், இதியசாபால் செம்மறிப்பால் பாலாடைக்கட்டி, காளான் போட்ட முட்டைப் பொடிமாஸ் என்று வாங்கினால் அம்மாவுக்கு ரொட்டி அதிகம் சேராத இரவுச் சாப்பாடு அமைந்துவிடும். காளானில் இறால் கலக்காமல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இதியசாபாலைப் பொதுவாக ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பார்கள். தயிர் போலவே இருக்கும் குவாஹாதாவும் நொதியால் உறைவதுதான். இந்த அளவுக்குச் சைவம் பார்ப்பவர்கள் இரண்டையும் விட்டுவிடவும். ஹில்தா என்னும் பச்சை நிறக் குச்சி பார்க்க ஆலிவும் மிளகாயும்தான். நடுவில் நெத்திலி சுருண்டிருக்கும்.

பின்ச்சோ சுற்றுலா என்று தலைக்கு நூறு யூரோ அளவுக்குக் கேட்டு நான்கைந்து கடைகளுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் சிக்காதீர்கள். எந்தக் கடைக்குப் போவது, எந்தத் தட்டு வருவது என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். சைவருக்கு ஒவ்வொரு கடையிலும் அதே தோர்த்தியாதான் வரும். நீங்களே நடந்துபோய் விரலால் காட்டி வாங்கலாம். விடுதி வரவேற்பாளர் அட்டை கொடுத்து அனுப்பும் கடையையும் தவிர்த்துவிடுங்கள். வாசலில் பாயேயாவின் வண்ணப் படங்களை வரிசையாக மாட்டியிருக்கும் கடைக்குள் நுழையவே வேண்டாம். பாயேயா வாலென்சியாவின் சோறு. வடக்கே அதைப் படம் போட்டு விற்கும் கடையில் பெரும்பாலும் உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித்தான் தருகிறார்கள்.

லொக்ரோன்யோவில் லௌரெல் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பண்டம் பேர்போனது. காளானுக்குப் பேர்போன கடையில் மூன்று காளானைப் பூண்டுச் சாற்றில் வதக்கி ரொட்டிமேல் அடுக்கித் தருவார்கள். உச்சியில் ஒரு சிறிய இறால் குத்தியிருக்கும். 'சின் கம்பா' என்றால் இறாலை விட்டுவிடுவார்கள். லியோனில் பார்ரியோ ஊமெதோ பகுதியில் குடிக்க ஒன்று வாங்கினால் தின்ன ஒன்று இலவசமாக வரும். மது அருந்தாதவர்கள் 'மொஸ்தோ' என்னும் திராட்சைச் சாறு கேட்கலாம், அதற்கும் தீனி உண்டு. மொஸ்தோவில் சர்க்கரை மிகுதி, அம்மாவுக்கு வேண்டாம். பானம் சொல்லும்போதே ஹமோன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தட்டு வந்த பிறகு சொல்வதில் பயனில்லை. ஓவியேதோவில் காஸ்கோனா தெரு முழுக்க ஆப்பிள் மதுக்கடைகள். அங்கே கப்ராலெஸ் பாலாடைக்கட்டியோடு வரும் தோர்த்தோ என்ற பொரித்த சோளமாவு அடை, நம் பூரிக்குத் தூரத்து உறவு. அரிசியைப் பாலில் நெடுநேரம் கிளறி, மேலே சர்க்கரையைத் தீய்த்துத் தரும் அர்ரோஸ் கோன் லெச்சேயைச் சாப்பிட்டால் உங்கள் மனைவி அதைப் பாயசம் என்றே சொல்வார். சந்தியாகோவில் ருவா தோ ஃபிராங்கோ தெருவில் கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள், நின்றுவிடாதீர்கள். விலைக்குப் பதில் 'சந்தை விலைப்படி' என்று எழுதியிருக்கும் எதையும் தொடாதீர்கள். பத்ரோன் மிளகாய் கேளுங்கள். சில உறைக்கும், சில உறைக்காது என்று கலீசியர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள். கோவைக்காரர்களுக்கு எதுவும் உறைக்காது.

நான் சொன்ன மதியத் திட்டத்துக்கு ஒரு விலக்கு உண்டு. நீங்கள் சனிக்கிழமை இறங்குவதால் முதல் நாளே அதில் மாட்டிக்கொள்வீர்கள். மெனு தெல் தியா வேலைநாள் சாப்பாடு. சனி, ஞாயிறுகளில் பல கடைகளில் அது கிடையாது. சில கடைகளில் வார இறுதிச் சாப்பாடு என்று 25, 30 யூரோவுக்கு இருக்கும். ஞாயிறு மதியம் ஊரே பாட்டி தாத்தாவோடு உணவகத்தில் இருக்கும். இரண்டேகாலுக்குப் போய் நின்றால் இடமில்லை என்பார்கள்; ஒன்றேகாலுக்கு, கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், அல்லது முதல் நாளே சொல்லி வையுங்கள். ஞாயிறு இரவு நிறைய அடுப்புகள் எரியாது. திங்களன்று நிறைய கடைகள் விடுமுறை. பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகளும் ஞாயிறன்று மூடியிருக்கும். எனவே சனிக்கிழமை இறங்கியவுடன் தயிர், பழம், கண்ணாடிப் புட்டியில் வெறும் உப்புநீரில் வெந்த கொண்டைக்கடலை ஆகியவற்றை இரண்டு நாளைக்கு வாங்கி வையுங்கள். சமையலறையோடு தங்கும் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த விலக்கின் தொல்லை பாதியாகும்.

உங்கள் தேதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செப்டம்பர் 21 சான் மத்தேயோ திருநாள். லொக்ரோன்யோவிலும் ஓவியேதோவிலும் அதையொட்டி நாள்கணக்கில் ஊர்த்திருவிழா. லௌரெல் தெருவில் 72 வயது அம்மாவோடு நடக்கவே முடியாது. சான் செபஸ்தியானில் அதே காலத்தில் திரைப்பட விழா. உங்கள் முகவர் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். தேதியைப் பத்து நாள் முன்னே நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால், 21-ஐ ஒட்டிய நாள்களில் லியோனிலோ சந்தியாகோவிலோ இருக்கும்படி வரிசையை மாற்றுங்கள்.

பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரொட்டிக்குக் காசு வாங்குவதாக இருந்தால் விலைப்பட்டியலில் அது இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டம் சொல்கிறது. 'ஹார்ரா தே அகுவா' என்று கேளுங்கள். தகராறு வந்தால் புகார்ப் படிவம் தர வேண்டியது கடையின் கடமை. நானும் ஒரு முறை பூர்த்தி செய்தேன். நான் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து, கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. நாளை வேறு ஊருக்குப் போகிறவருக்கு அந்தத் தாளால் என்ன பயன்? ஆனாலும் அதைக் கேட்ட மாத்திரத்தில் பில் திருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் கேளுங்கள்.

பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போகலாம், கைப்பையில் வேண்டாம். நெய், பால்கோவா, கறிவேப்பிலைக் கொத்து மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் பால்பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது; பச்சை இலைக்கு நம் நாட்டுத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள்.