இலை வண்ணம் நிலைக்க: ஹியூக்கெரா பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் நட்ட ஊதா இலை ஹியூக்கெரா, இந்த வசந்தத்தில் மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கிறது. கீழே வெறும் தண்டும் உச்சியில் கொஞ்சம் இலைகளும்தான் மிஞ்சியிருக்கின்றன. பிடுங்கி எறிந்துவிடலாமா, காப்பாற்ற வழி உண்டா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: எறிந்துவிட வேண்டாம். பிரித்து நடுவதற்குரிய பருவத்தை உங்கள் செடி இப்போதுதான் எட்டியிருக்கிறது. இதன் காரணங்கள் இரண்டு. அடி இலைகள் ஆண்டுதோறும் காய்ந்து விழ, தண்டு கட்டையாகத் தடித்து நீள்வது ஹியூக்கெராவின் இயல்பு. அத்துடன், டொராண்டோ வட்டாரக் குளிர்காலத்தில் மண் உறைவதும் இளகுவதும் மாறிமாறி நடக்கும்போது, வேர்கள் மேலாகவே பரவும் இச்செடி சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது. கடைகளில் இலையின் நிறத்தைப் பார்த்தே இதை வாங்குகிறோம். ஆனால் செடியின் ஆயுள், தண்டும் வேரும் கூடும் அந்த அடிக்கட்டையில்தான் இருக்கிறது. அது வெளியே தெரியும்படி விட்டால், வெயிலிலும் பனியிலும் காய்ந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் செடி மெலிந்துவிடும்.

உறைபனி ஓய்ந்து, புதுத் தளிர்கள் தலைகாட்டும் நாள்களில் செடியை வேர்மண்ணோடு தோண்டி எடுங்கள். மண்ணை உதறிப் பார்த்தால், கட்டை இஞ்சிக் கிழங்குபோலப் பல கிளைகளாகப் பிரிந்திருப்பதையும், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு இலைக்கொத்து இருப்பதையும் காண்பீர்கள். வேரோடு கூடிய இளங்கிளைகளைக் கூரிய, சுத்தமான கத்தியால் வெட்டிப் பிரித்து, இலைக்கொத்தின் அடிப்பகுதி மண்மட்டத்தோடு பொருந்துமாறு, வெற்றுத் தண்டு முழுவதும் மண்ணுக்குள் மறையும் ஆழத்தில் நட வேண்டும். புதைந்த தண்டிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும். ஆனால் இலைக்கொத்தின் நடுக்குருத்து ஒருபோதும் மண்ணால் மூடப்படக் கூடாது, மூடினால் அழுகிவிடும்.

வேரில்லாத கிளைகளையும் வீணாக்க வேண்டியதில்லை. ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளத் தண்டும், அதன் அடியில் தாய்க்கட்டையின் ஒரு சீவலும் சேர்ந்து வருமாறு பிய்த்தெடுத்து, இரண்டு மூன்று சிறிய இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். வேரூக்கித் தூளில் தோய்த்து, பெர்லைட்டும் (நீர் தேங்காமல் மண்ணை இலகுவாக்கும் வெண்ணிறத் துகள்கள்) தேங்காய் நார்க்கழிவும் சம அளவில் கலந்த தொட்டியில் ஊன்றி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்தால், ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர்பிடிக்கும். இலையை மட்டும் கிள்ளி ஊன்றும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. மொட்டு உள்ள தண்டுத் துண்டு ஒட்டியிராத இலையில் வேர் வரலாமே தவிர, புதுச் செடி கிளம்பாது.

இலையுதிர்காலத்தில் பிரித்து நடுவதாயின், மண் உறைவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வேர்பிடிக்காத செடியைத்தான் குளிர் எளிதில் வெளியே தள்ளும். பழைய இலைகளை அப்போது வெட்டாமல் விடுவது நல்லது, ஏனெனில் அவை குளிர்காலம் முழுவதும் குருத்துக்குப் போர்வையாக இருக்கும். கருகியவற்றை வசந்தத்தில் நீக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: தொட்டியில் செழிப்பாக இருந்த பொன்மஞ்சள் ஹியூக்கெரா திடீரென வாடியது. தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. மெல்ல இழுத்தபோது வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மண்ணில் வெள்ளைப் புழுக்கள் இருந்தன.
— வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: அவை வைன் வீவில் என்னும் கூன்வண்டின் புழுக்கள். காலில்லாத, பழுப்புத் தலையுள்ள, பிறைபோல் வளைந்த இப்புழுக்கள் இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை வேர்களைத் தின்கின்றன. பிரிட்டனில் தொட்டிச் செடிகளுக்கு இதைவிடக் கொடிய பகை அரிது. ஹியூக்கெராவோ அவற்றுக்கு மிகப் பிடித்த உணவுகளில் ஒன்று. வளர்ந்த வண்டு கறுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இணை சேராமலே முட்டையிடக்கூடியது என்பதால், ஒரே ஒரு வண்டு வந்தாலும் போதும். கோடையில் இலை விளிம்புகளில் அரைவட்டக் கடிகள் தென்பட்டால் அதுவே முன்னெச்சரிக்கை. இரவில் கைவிளக்கோடு சென்று வண்டுகளைப் பொறுக்கி அழியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, இப்புழுக்களை அழிக்கும் நூற்புழுக்களை (நெமடோடு எனப்படும் நுண்ணிய புழுக்கள்) நீரில் கலந்து ஈரமண்ணில் ஊற்றுவது நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் வசந்தத்திலும் ஒருமுறை ஊற்றலாம்.

வேரிழந்த செடியும் பிழைக்கக்கூடியதே. தண்டைக் கழுவி, உள்ளே துளைத்திருக்கும் புழுக்களையும் அழுகிய பகுதியையும் நீக்கிவிட்டு, மேலே ஸ்காபரோ வாசகிக்குச் சொன்ன முறையில் புதிய கலவையில் ஊன்றுங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பொன்மஞ்சள், எலுமிச்சைப் பச்சை வகைகளின் இலைகள் பிற்பகல் வெயிலில் கருகும் என்பதால், காலை வெயில் மட்டும் படும் இடம் அவற்றுக்கு ஏற்றது. கருஊதா வகைகள் இன்னும் கொஞ்சம் வெயில் தாங்கும்.

கேள்வி: என் செடியில் விதை முற்றியிருக்கிறது. விதைத்தால் அதே நிறம் வருமா? நாற்றுகளை எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிதிக்காக விற்கலாமா?
— வாசகி, மார்க்கம்

பதில்: பெரும்பாலான வண்ண வகைகள் கலப்பினங்கள் ஆகையால், விதையில் தாயின் நிறம் அப்படியே வருவதில்லை. 1991இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுத் தாவரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘பேலஸ் பர்பிள்’ வகையே இதற்குச் சான்று. விதையால் பெருக்கப்பட்டதால், மங்கிய பச்சை கலந்த நாற்றுகள்கூட அதே பெயரில் விலைபோயின. நிறம் மாறினாலும் பரவாயில்லை என்றால் தாராளமாக விதையுங்கள்; தூள்போன்ற அவ்விதைகளை மண்ணால் மூடாமல் மேலே தூவ வேண்டும், ஏனெனில் முளைக்க அவற்றுக்கு ஒளி தேவை.

விற்பனையைப் பொறுத்தவரை கவனம் தேவை. புதிய வகைகள் பலவற்றுக்குத் தாவர வகை உரிமை பதிவு செய்யப்பட்டிருக்கும். கனடாவில் உங்கள் சொந்தத் தோட்டத்துக்காகப் பிரித்து நடுவதற்குத் தடையில்லை. ஆனால் அத்தகைய வகையைப் பெருக்கி விற்பது, நோக்கம் நல்லதானாலும், உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யத்தக்கதன்று. வாங்கியபோது வந்த பெயர்ச்சீட்டைப் பார்த்து, உரிமை இல்லாத பழைய வகைகளை மட்டும் விற்பனைக்கு வையுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஹியூக்கெரா வளருமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹியூக்கெரா வட அமெரிக்கக் காடுகளுக்கும் பாறைச் சரிவுகளுக்கும் உரிய செடி; இரவிலும் வெப்பம் தணியாத சமவெளியில் அதை வளர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் முயல விரும்புவோர், தென்கிழக்கு அமெரிக்காவின் ஈரமான கோடையைத் தாங்கும் ‘வில்லோசா’ இனத்திலிருந்து வந்த வகைகளைத் தேர்ந்து, தொடர்மழையில் குருத்து நனையாதபடி கூரை ஓரத்தில், நீர் நன்றாக வடியும் தொட்டியில் வைக்கலாம். உங்கள் வீட்டு நிழலுக்கு, வண்ண இலைகளுக்காகவே வளர்க்கப்படும் கோலியஸ் செடியே பொருத்தம். ஒரு கணுவுக்குக் கீழே வெட்டிய துண்டைத் தண்ணீரில் வைத்தாலே வேர்விடும்.