பட்டனைக் கழற்றிவிட்டு ஆப் மட்டும் வைக்கலாமா?

கேள்வி: தண்ணீர் மோட்டாருக்கான கன்ட்ரோலர் பெட்டி தயாரிக்கிறேன். இரண்டு பட்டன், மூன்று விளக்கு, அவ்வளவுதான். இப்போது எல்லோரும் போனிலிருந்து இயக்க வேண்டும் என்கிறார்கள். ஆப் செய்துதர வந்தவர், “பட்டன், விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், செலவு குறையும். எங்கள் சர்வர் வழியாக ஆப்பிலேயே முடித்துக்கொள்ளலாம்” என்கிறார். கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். ஆப்பைச் சேருங்கள், பட்டனை எடுக்காதீர்கள். மோட்டாரை உடனே நிறுத்த வேண்டிய ஆள் பெட்டிக்கு முன்னால்தான் நிற்பார். அவர் கையில் போன் இருக்காது, இருந்தால் கை ஈரமாக இருக்கும். ஈர விரலை டச் ஸ்கிரீன் சரியாக உணராது. நெட் இல்லாத நேரத்திலும் அந்த மோட்டார் நிற்க வேண்டும். நிறுத்தும் பட்டன் மோட்டாரின் மின்சுற்றை நேரடியாக வெட்டட்டும், புரோகிராமிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

விளக்கு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பட்டனை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிகிறது. அந்த விளக்குக்குத் தெரிந்தது ஆணை போனது மட்டுமே. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்சான கான்டாக்டர் ஒட்டியதா, மோட்டாருக்குள் கரன்ட் பாய்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அழுத்தியவுடன், பத்தில் ஒரு நொடிக்குள், விளக்கு சிமிட்டத் தொடங்கட்டும். கரன்ட் சென்சார் உறுதி சொன்ன பிறகு நிலையாக எரியட்டும். ஆப்பிலும் இதே ஒழுங்கு வேண்டும். தொடர்பு அறுந்திருந்தால் “ஓடுகிறது” என்று பொய் சொல்லாமல், “4 நிமிடத்துக்கு முன் ஓடிக்கொண்டிருந்தது” என்று காட்டட்டும்.

அப்புறம் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ஒரு ஆபத்து. உங்கள் பெட்டியும் சர்வரும் பெரும்பாலும் எம்.க்யூ.டி.டி. என்ற, கருவிகள் செய்தி பரிமாறும் நெறிமுறையில் பேசும். 1999-இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது அது. நல்ல நெறிமுறை. அதில் ‘ரீட்டெய்ன்’ என்று ஒரு வசதி உண்டு. கடைசியாக வந்த செய்தியைச் சர்வர் கையில் வைத்திருந்து, யார் புதிதாக இணைந்தாலும் அவர்களிடம் கொடுக்கும். “மோட்டார் நின்றிருக்கிறது” என்ற நிலைச் செய்திக்கு இது அருமை. ஆனால் அவசரத்தில் வேலை செய்பவர்கள் “மோட்டாரைப் போடு” என்ற ஆணைக்கும் அதையே போட்டுவிடுவார்கள். என்ன ஆகும்? மாலையில் போனில் ஆன் செய்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து பெட்டிக்குப் போய்ப் பட்டனில் நிறுத்துகிறீர்கள். இரவு கரன்ட் போய்த் திரும்பி வருகிறது. பெட்டி மீண்டும் இணைகிறது, சர்வர் அந்தப் பழைய ஆணையை நீட்டுகிறது. ஆளில்லாத நேரத்தில் மோட்டார் வறண்டு ஓடி எரிகிறது. ஆணைக்கு ரீட்டெய்ன் கூடாது. ஆணையில் நேரமும் இருக்க வேண்டும், பழையதைப் பெட்டி குப்பையில் போட வேண்டும். உங்கள் ஆப் ஆளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

“எங்கள் சர்வர்” என்ற சொல்லில்தான் உங்கள் தொழிலின் கழுத்து இருக்கிறது. வீட்டுக் கருவிகளைப் போனிலிருந்து இயக்க உதவும் ஒரு பெட்டியை விற்ற ரிவால்வ் நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் மிஞ்சியது செயலற்ற பெட்டி. பெட்டி தேடிப்போகும் இணைய முகவரி உங்கள் பெயரில் பதிவாகட்டும். நாளை சர்வரை மாற்றினாலும் பெட்டி உங்களிடமே வரும். மூல நிரலும், ஃபார்ம்வேர் என்ற பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் புதுப்பிப்பில் கையொப்பமிடும் டிஜிட்டல் சாவியும் உங்களிடம் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கத் தடை. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை நாள் தருவீர்கள் என்று அறிவிக்கவும் வேண்டும். நல்லது. ஆனால் குறைந்தது இத்தனை ஆண்டு தர வேண்டும் என்று அது சொல்லவில்லையே! சர்வர் செத்தால் பட்டன் வேலை செய்யுமா என்று அந்தச் சட்டம் கேட்கிறதா? ஷாக் அடிக்காவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

பட்டனே இல்லாமல் விடக்கூடிய ஒரே இடம், எதையும் இயக்காத, அளந்து மட்டும் சொல்லும் சென்சார். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் நீர்மட்ட சென்சாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போட்டால் தண்ணீர் புகும், அதனால் பட்டன் வேண்டாம். சரி, ஆனால் அதுவே வால்வையும் திறந்து மூடினால் அது வெறும் சென்சார் இல்லை, விலக்கும் இல்லை. வெறும் சென்சாராக இருந்தாலும் ரீசெட் செய்ய ஏதாவது வழி வேண்டும். உள்ளே ஒரு ரீட் ஸ்விட்ச் வையுங்கள். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் போதும். காந்தத்தை எங்கே காட்டுவது என்று சென்சாரின் உடலிலேயே அச்சிடுங்கள். தாளில் அச்சிட்டால் தாள் தொலைந்துவிடும்.

மாதிரிப் பெட்டி வந்ததும், ஆப்பில் மோட்டாரைப் போட்டுவிட்டு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். பட்டனில் நிறுத்துங்கள். பெட்டியின் கரன்ட்டை அணைத்துப் போட்டு, ரவுட்டரையும் திரும்பச் சொருகி, பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். மோட்டார் தானாக ஓடினால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.